எட்டுத் தொன்

அஞ்சலோ அதை ஒரு பகிடியாகத்தான் சொன்னான். செவ்வாய்க்கிழமை மத்தியானம் வேலைக்கு நடுவில் பாலையூற்று வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தவன், பாரைமீன் முள்ளை வாயிலிருந்து எடுத்தபடி, "எங்கட கிறேனுக்கும் வெயில் அடிச்சு மூளை கலங்கிப்போச்சு," என்றான்.

உட்துறைமுகத்தில் ஒரு சிறிய தனியார் ஜெட்டியில் அவன் பாரந்தூக்கி ஓட்டுகிறான். பதினொரு வருடமாக அதே வேலை. கப்பலில் வரும் இரும்புக் கட்டுகளைத் தூக்கி லொறியில் இறக்க வேண்டும். போன வருடம் அந்தப் பாரந்தூக்கிக்குக் கணினிப் பெட்டி ஒன்று பூட்டினார்கள். தூக்கியிருக்கும் பாரம் எத்தனை தொன் என்று ஓட்டுபவனின் முன்னால் திரையில் காட்டும். பாரந்தூக்கியின் கை நீண்டிருக்கும் தூரத்துக்குப் பாரம் கூடிவிட்டால், இயந்திரம் குடைசாயாதபடி தானே நிறுத்தியும் விடும்.

"நேற்றுப் பதின்மூண்டு தொன் கட்டு ஒண்டைத் தூக்கினனான். ஸ்கிரீன் அஞ்சு எண்டு காட்டுது. கொஞ்ச நேரத்தால தானே சரியாச்சு. இண்டைக்குப் பதினொரு தொன், மோட்டர் முக்கிற சத்தத்திலயே தெரியும். மூண்டாம்!"

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அவன் மனைவி ஜெஸ்மினின் கை நின்றது.

"பதின்மூண்டு அஞ்சாச்சு. பதினொண்டு மூண்டாச்சு. ரெண்டிலயும் எட்டுக் குறையுது."

"ஓம், எட்டுத்தான். அதுக்கென்ன?"

"எத்தனை மணிக்கு?"

"ரெண்டு நாளும் பன்னிரண்டுக்குக் கிட்ட. காலமையில ஒரு பிழையும் இல்லை. சஜீத் இண்டைக்கு விடிய ஏழு மணிக்கு வந்து எல்லாத்தையும் சோதிச்சுப் பார்த்திட்டு, சரி எண்டு எழுதிக் குடுத்திட்டுப் போட்டான்."

சஜீத் ஜெட்டியின் மின்சாதனங்களைப் பார்க்கும் தொழில்நுட்பவியலாளன். அவன் கெட்டிக்காரன் என்பது ஜெஸ்மினுக்குத் தெரியும். ஆனால் காலை ஏழு மணிக்குப் பெட்டி குளிர்ந்திருக்கும்.

"பெட்டியைக் கடைசியா எப்ப நிப்பாட்டினவை?"

"நிப்பாட்டுறேல்லை. திருப்பிப் போட்டா எழும்ப இருபது நிமிசம் எடுக்குது. கப்பலை மறிச்சு வைச்சுக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டு நிக்க ஏலாது எண்டு இரத்தினசிங்கம் ஐயா சொல்லிப்போட்டார். வைகாசியில ஒரு மழைநாள் போட்டது. இன்னும் ஓடுது."

அவன் கையைக் கழுவிவிட்டுப் போகத் தயாரானான். ஜெஸ்மின் வாசல்வரை வந்து, அந்தப் பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கும் பச்சைப் பலகையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு, "சும்மா பார்ப்பம்," என்றாள்.

அவளுடைய வேலையைப் பற்றி அஞ்சலோவுக்குப் பாதிதான் விளங்கும். அவள் மின்னணுப் பொறியியல் படித்தவள். கொழும்பில் கணினிச் சில்லு வடிவமைக்கும் ஒரு நிறுவனத்துக்கு, கொரோனாக் காலத்திலிருந்து வீட்டின் முன்னறையில் கணினிக்கு முன்னால் இருந்தே வேலை செய்கிறாள். ஐந்து வருடத்துக்கு முன்பு அவளுக்குக் கொடுக்கப்பட்டது ஒரு நினைவகச் சில்லின் உணர்பெருக்கிகளைச் சோதிக்கும் பொறுப்பு.

நினைவகத்துக்குள் ஒவ்வொரு இலக்கமும் ஒரு துளி மின்னேற்றமாகத்தான் கிடக்கும். அது ஒன்றா பூச்சியமா என்று பார்த்துச் சொல்வது உணர்பெருக்கியின் வேலை. அதற்குள் இரண்டு திரான்சிஸ்டர்கள் எதிரெதிரே நின்று, எந்தப் பக்கம் கூட என்று தீர்ப்புச் சொல்லும். இரண்டும் அச்சொத்த இரட்டைகளாக இருக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து அப்படி ஒருபோதும் வருவதில்லை. ஒன்று மற்றதைவிடச் சற்று முந்தும். அந்தச் சரிவு சில மில்லிவோல்ற்றுகள்தான், ஆனால் வாசிக்க வேண்டிய துளியே அதைவிடக் கொஞ்சம்தான் பெரியது. கடைத்தராசின் ஒரு தட்டுச் சரிந்திருந்தால் சாமான் வைக்க முன்னம் மற்றத் தட்டில் சிறுகல் வைத்துச் சமன் செய்வதைப்போல, ஒவ்வொரு பெருக்கியின் சரிவையும் முதலில் அளந்து, அதற்கு ஈடு கொடுத்துவிட்டுத்தான் வாசிக்க வேண்டும்.

ஒவ்வொரு வாசிப்புக்கும் முன்னால் அளப்பது பாதுகாப்பு. ஆனால் அதற்கு நேரம் செல்லும். சில்லு மெதுவாகும், விற்பனைக்கு நிற்காது. அதனால் மின் கொடுக்கும்போது ஒரே ஒரு தடவை அளந்தால் போதும் என்று நிறுவனம் முடிவெடுத்தது. ஜெஸ்மின் சோதித்துப் பார்த்தாள். குளிரில் அளந்த ஈடு கடும் சூட்டில் பொருந்தவில்லை. பல மாதம் ஓய்வில்லாமல் ஓடினால் அந்தப் பொருத்தமின்மை இன்னும் வளர்ந்தது. சில பெருக்கிகளில் ஈடு எதிர்ப்பக்கம் தள்ளத் தொடங்கி, ஒன்றைப் பூச்சியம் என்று வாசித்தன. அதை எழுதினாள். அவளுடைய மேலாளர் பிரதீபன் ஒரு வரியில் பதில் போட்டார்: தொழிற்சாலைக் கருவிகளை எல்லோரும் நாளாந்தம் நிறுத்தி மறுபடி போடுவார்கள், ஆகவே இது நடைமுறையில் வராது. 'சோதித்தவர்' என்ற இடத்தில் ஜெஸ்மின் கையெழுத்து வைத்தாள்.

கணினிக்குள் எண்கள் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்ற படிகளில் இருக்கும். எட்டின் இடத்தில் நிற்கும் ஒரே ஒரு 'ஒன்று' பூச்சியமாக வாசிக்கப்பட்டால், பதின்மூன்று ஐந்தாகும், பதினொன்று மூன்றாகும். நிறையை அளக்கும் உணரி பழுதென்றால் இப்படி அச்சடித்தாற்போல எட்டுக் குறையாது.

மூன்று மணிக்குப் படம் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தாள். சில்லின் முதுகில் இருந்த எழுத்துகளை முழுதாக வாசிக்க வேண்டிய தேவைகூட இருக்கவில்லை. கடைசி மூன்றையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லியிருப்பாள்.

பிரதீபனுக்கு அழைத்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார். இடையில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"ஜெஸ்மின், இதைப் பற்றி ஒருத்தருக்கும் மெயில் போடாதேங்கோ."

"சேர், அதுக்குக் கீழ ஆக்கள் நிக்கினம்."

"விளங்குது. அடுத்த கிழமை நான் மேல கதைக்கிறன். அதுவரைக்கும் அது எங்கட சில்லு எண்டு நீங்கள் வெளியில மூச்சு விடேலாது. ஒப்பந்தத்தில கையெழுத்து வைச்சிருக்கிறீங்கள். அந்தச் சோதனை அறிக்கையிலயும் உங்கட கையெழுத்துத்தான் கிடக்கு, என்ன?"

குரல் கனிவாகத்தான் இருந்தது.

மாலையில் அஞ்சலோ வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் குசினிக் கதிரையில் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்து கேட்டான்.

"அப்ப ஐயாவிட்டச் சொல்லுவம்."

"என்னெண்டு சொல்லுறது? சொன்ன உடனே வேலை போகும். வழக்கும் போடுவினம். அடுத்த கிழமை ஒரு முடிவு வரும். அதுவரைக்கும் நீங்கள் ஏறாதேங்கோ. காய்ச்சல் எண்டு சொல்லுங்கோ."

"நான் பொய்க்காய்ச்சல் சொல்லி ஒரு நாளும் நிண்டதில்லை."

"எனக்காக."

அவன் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான்.

புதன்கிழமை மேற்கிலிருந்து வீசும் சூடான கச்சான் காற்று விடியவே தொடங்கிவிட்டது. காய்ந்த வேப்பஞ்சருகுகள் முற்றம் முழுக்க உருண்டன. பத்து மணிக்கே தகரக் கூரை படபடவென்று வெடித்தது. ஜெஸ்மின் கணினிக்கு முன்னால் இருந்தாளே தவிர ஒன்றும் ஓடவில்லை. அஞ்சலோ கிணற்றடிக்குப் போனான், வந்தான், மோட்டார்சைக்கிளைத் துடைத்தான், துடைத்ததையே மறுபடியும் துடைத்தான். வீட்டில் இருக்கும் மனிதனின் ஓய்வு அவனிடம் இல்லை. அவன் பத்திரமாக இருக்கிறான் என்று அவள் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

பன்னிரண்டு மணிக்குச் சோற்றைப் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"இண்டைக்கு கிறேன் ஓடாதுதானே?"

அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"ஏன் ஓடாது? நாளைக்குக் கப்பல் வெளிக்கிட வேணும். முனாஸ் ஏறியிருப்பான்."

கிண்ணியா முனாஸ். அஞ்சலோவுக்கு மாற்றாக ஏறும் ஓட்டுநர். நோன்புப் பெருநாளுக்கு இந்த வீட்டுக்குச் சாப்பாட்டுச் சட்டியோடு வந்து, இதே மேசையில் இருந்து சிரித்துச் சிரித்துக் கதைத்துவிட்டுப் போனவன்.

"அவன் ஏறுவான் எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"விடிஞ்சதில இருந்து அதைத்தான் யோசிச்சுக்கொண்டிருக்கிறன்," என்றான் அஞ்சலோ. "நீர் யோசிக்கேல்லையா?"

அவள் யோசித்திருக்கவில்லை. அவனை ஏறவிடாமல் செய்ததோடு அவளுடைய யோசனை முடிந்துவிட்டது. அந்த இருக்கையில் வேறொருவன் போய் இருப்பான் என்ற எண்ணம் வந்த வழியை அவளே எங்கோ மறித்து வைத்திருந்தாள்.

ஜெஸ்மின் அழைத்தாள்; முனாசின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. மேலே ஏறும்போது போனைக் கீழே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அடுத்து மேற்பார்வையாளர் இரத்தினசிங்கத்துக்கு அடித்தாள்.

"ஐயா, நான் அஞ்சலோட மனுசி. கிறேனை உடனே நிப்பாட்டுங்கோ. ஸ்கிரீன் பிழையாக் காட்டும்."

"தங்கச்சி, நேற்றுத்தானே சஜீத் பார்த்துச் சரி எண்டு எழுதித் தந்தது. கடிதம் மேசையில கிடக்கு."

"அது காலமை பார்த்தது ஐயா. சூட்டிலதான்…"

"அஞ்சலோக்குக் காய்ச்சல் எண்டல்லோ சொன்னவர்? இப்ப என்ன புதுக் கதை? வேலை நேரம், வையுங்கோ."

சோறு போட்டபடி கிடந்தது. இருவரும் மோட்டார்சைக்கிளில் ஏறினார்கள். காற்று எதிரே அனலாக அடித்தது. பெருந்தெருவில் மான் இரண்டு நடுவே நின்று மறித்தபோது அஞ்சலோ ஹோர்னை விடாமல் அடித்தான். கடல் தகரம்போல வெளுத்துக் கிடந்தது. ஜெட்டியின் வாயிற்காவலாளி அஞ்சலோவைக் கண்டு சிரித்துக் கை காட்டினான். அப்போது ஒரு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

பாரந்தூக்கி வேலையில்தான் இருந்தது. கப்பலின் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு இரும்புக் கட்டு மேலே எழும்பி வந்துகொண்டிருந்தது. அஞ்சலோ மோட்டார்சைக்கிளை நிறுத்தாமலே தலையைச் சரித்துக் காது கொடுத்தான்.

"மோட்டர் முக்குது. அது பதினாலு."

பதினான்கில் எட்டுப் போனால் ஆறு. ஆறு தொன்னுக்குக் கையை முழு நீளத்துக்கும் நீட்டலாம். பதினான்குக்குப் பாதிகூட நீட்ட இயலாது. திரை ஆறு என்று காட்டினால், நிறுத்த வேண்டிய பெட்டி நிறுத்தாது. இன்னும் நீட்டு என்று விட்டுவிடும்.

அஞ்சலோ முன்னால் ஓடிப்போய் இரண்டு கைகளையும் அகல விரித்து நின்றான். நிறுத்து என்பதற்கு அவர்களுடைய சைகை அது. மேலே கண்ணாடிக்குள் முனாஸ் அவனைக் கண்டான். காய்ச்சல்காரன் வந்து கூத்தாடுகிறான் என்று நினைத்தானோ என்னவோ, பல் தெரியச் சிரித்தான். திரையைத் தொட்டுக் காட்டி, பெருவிரலை உயர்த்தினான். பாரந்தூக்கியின் கை கப்பலிலிருந்து திரும்பி, லொறிக்கு மேலாக, வெளியே நீளத் தொடங்கியது. லொறிக்குப் பக்கத்தில் மூன்று பேர் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள்.

ஜெஸ்மின் பார்த்தது வேறொன்றை. பாரந்தூக்கியின் நான்கு இரும்புக் கால்களில் பின்கால் ஒன்று, பதித்திருந்த பலகையிலிருந்து விலகிக்கொண்டிருந்தது. முதலில் ஒரு விரல் இடைவெளி. பிறகு அதற்குள்ளால் மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்தது.

களஞ்சியச் சுவரில் பாரந்தூக்கிக்கு மின் கொடுக்கும் பிரதான ஆளி இருந்தது. அதற்கு முன்னால் இரத்தினசிங்கம் கடதாசிக் கட்டோடு நின்றார். அவள் அவரைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"ஏய், ஆரைக் கேட்டு…"

மின் போனால் பிரேக் தானாகவே கவ்விக்கொள்ளும், பாரம் விழாது. அது அவளுக்குத் தெரியும். திடீரென நிற்கும்போது வரும் குலுக்கலை மிச்ச மூன்று கால்களும் தாங்குமா என்பது தெரியாது. தாங்காவிட்டால் முனாசைக் கவிழ்த்தவள் அவளாகவே இருப்பாள். பிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துவிட்டாள்.

சத்தம் முழுவதும் ஒரேயடியாக அறுந்தது. இரும்புக் கட்டு ஒரு உதறு உதறி ஆடியது. பாரந்தூக்கி முன்னால் சரிந்தது. பின்கால் ஒரு முழம் மேலே போனது. லொறிக்காரர்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். மேலே கதவு திறந்தது. முனாஸ் குதித்தான். கொங்கிறீற்றில் அவன் விழுந்த ஓசை, அந்த அமைதியில், ஏதோ தடி முறிந்ததுபோலக் கேட்டது.

பாரந்தூக்கி விழவில்லை. சரிந்தபடி நின்றது. பின்கால் இறங்கவுமில்லை. கச்சான் அடிக்கும்போதெல்லாம் மேலே தொங்கும் கட்டு மெல்லத் திரும்பியது. திரும்பும் ஒவ்வொரு முறையும் எங்கோ உள்ளிருந்து இரும்பு முனகியது.

முனாசை இருவர் தூக்கிக்கொண்டு போனார்கள். கணுக்கால் வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. இரத்தினசிங்கம் அந்தப் பின்காலுக்குக் கீழே தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்தபடி நின்றார்.

"இப்ப என்ன செய்ய வேணும், தங்கச்சி?" என்றார் கடைசியில்.

"திருப்பிப் போடுங்கோ. இந்தச் சூட்டிலயே அது புதுசா அளந்துகொள்ளும். இருபது நிமிசம் ஒருத்தரும் கிட்டப் போகவேண்டாம்."

அந்த இருபது நிமிடத்தில் ஒருவரும் உட்காரவில்லை, ஒருவரும் தண்ணீர் குடிக்கவில்லை. கப்பல்காரர்கள் மேல்தட்டில் வரிசையாக வந்து நின்றார்கள். பெட்டியில் பச்சை வெளிச்சம் வந்ததும் அஞ்சலோ, ஒருவரிடமும் கேட்காமல், சரிந்திருந்த ஏணியில் ஏறினான். வேண்டாம் என்று சொல்ல ஜெஸ்மின் வாயைத் திறந்தாள். அது நேற்றுச் சொன்ன அதே சொல். இன்று அதைச் சொல்லும் உரிமை தனக்கில்லை என்று பட்டது.

கட்டு அங்குலம் அங்குலமாக இறங்கியது. கொங்கிறீற்றைத் தொட்டதும் பின்கால் தடாலென்று பலகையில் குந்தியது. அஞ்சலோ இறங்கி வந்து சட்டையால் முகத்தைத் துடைத்தான்.

"பதினாலு எண்டு காட்டினது," என்றான்.

இரத்தினசிங்கம் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். "அப்ப இப்ப சரியாயிட்டுதுதானே?"

"இப்ப சரியாத்தான் காட்டும்," என்றாள் ஜெஸ்மின். "எதுவரைக்கும் எண்டுதான் ஒருத்தருக்கும் தெரியாது."

நான்கு மணிக்கு வைத்தியசாலையில் முனாசின் மனைவி றுக்கியாவைக் கண்டார்கள். சத்திரசிகிச்சை அறைக்கு வெளியே வாங்கில், முக்காட்டின் நுனியை விரலில் சுற்றியபடி உட்கார்ந்திருந்தாள். அஞ்சலோவைக் கண்டதும் எழும்பினாள்.

"காய்ச்சலாம் எண்டு அவரு சொன்னாரு. இப்ப சுகமா அண்ணன்?"

அஞ்சலோ தலையைக் குனிந்தான். ஜெஸ்மின்தான் சொன்னாள்.

"காய்ச்சல் இல்லை, றுக்கியா. அந்தப் பெட்டி பிழை எண்டு எனக்கு நேற்றே தெரியும். அதுக்குள்ள இருக்கிற சில்லைச் சோதிச்சுக் கையெழுத்து வைச்சதும் நான்தான். இவரைப் போகவேண்டாம் எண்டு மறிச்சிட்டன்."

றுக்கியா முக்காட்டை இழுத்துச் சரிசெய்தாள். கத்துவாள், அழுவாள் என்று ஜெஸ்மின் எதிர்பார்த்தாள்.

"எங்கட நம்பர் உங்கக்கிட்ட இருக்குத்தானே?"

"இருக்கு."

"ஒரு சொல்லுத்தானே. நேத்து ராவு எடுத்துச் சொல்லியிருந்தா நானும் காய்ச்சல் எண்டு சொல்லி வைச்சிருப்பன்." அவள் திரும்பவும் வாங்கில் உட்கார்ந்தாள். "இப்ப போங்க. அவரு முழிச்சாப் பிறகு வாங்க. எனக்கு இப்ப உங்கட மூஞ்சியப் பாக்க ஏலாம இருக்கு."

அன்று பின்னேரமே ஜெஸ்மின் கடிதத்தை எழுதினாள். இரண்டு பக்கம். சில்லின் இலக்கம், என்ன பிழை, எப்படி வருகிறது, யார் சோதித்தது, எந்தத் தேதியில் கையெழுத்து வைத்தது, எல்லாவற்றையும் தன் பெயரிலேயே எழுதினாள். மாற்றுச் சில்லு வரும்வரைக்கும் பெட்டியை வெயில் ஏறியபின் ஒவ்வொரு நாளும் நிறுத்திப் போட வேண்டும் என்று கடைசிப் பந்தியில் தடித்த எழுத்தில் போட்டாள். நிறுவனத்துக்கும், ஜெட்டிக்கும், பெட்டியை விற்ற முகவருக்கும், சோதனைத் தாள்களில் பெயர் ஞாபகம் இருந்த ஆறு வெளிநாட்டு வாடிக்கையாளருக்கும் தன் சொந்த மின்னஞ்சலிலிருந்து அனுப்பினாள். அந்தச் சில்லு நாற்பதினாயிரத்துக்கு மேல் விற்பனையாகியிருந்தது. அவளுக்குத் தெரிந்தது ஆறே ஆறு பெயர்.

வியாழன் காலையில் அவளுடைய அலுவலகக் கணினி கடவுச்சொல்லை ஏற்கவில்லை. வெள்ளிக்கிழமை சட்டத்தரணியின் கடிதம் வந்தது. அன்று மத்தியானம் தெரியாத இலக்கத்திலிருந்து பிரதீபன் அழைத்தார்.

"நான் கதைக்கிறன் எண்டு சொன்னனான்தானே. ஒரு கிழமை பொறுக்க ஏலாமப் போச்சா?"

"ஒரு நாள் பொறுத்தனான், சேர். ஒரு மனுசன்ர கால் போச்சு."

ஜெட்டியில் இப்போது ஒவ்வொரு நாளும் பன்னிரண்டு மணிக்குப் பெட்டியை நிறுத்திப் போடுகிறார்கள். இரத்தினசிங்கமே பக்கத்தில் நின்று பார்க்கிறாராம். முனாசின் காலில் தகடு வைத்தார்கள். இனி ஏணி ஏற முடியுமா என்று வைத்தியர் சொல்லவில்லை. அஞ்சலோ தினமும் கிண்ணியாவுக்குப் போய்வருகிறான். ஜெஸ்மினை அங்கே ஒருவரும் கூப்பிடவில்லை. அவளாகவும் போகவில்லை.

ஆறு பேரில் நால்வரிடமிருந்து சத்தமில்லை. ஒருவர் நன்றி சொல்லி இரண்டு வரி எழுதினார். திங்கட்கிழமை காலையில் ஆறாவது ஆளின் பதில் வந்தது. எங்கோ ஒரு வறண்ட நாட்டில், நீர்த்தேக்கம் ஒன்றின் கதவுகளைத் திறந்து மூடும் பெட்டிக்கு அந்தச் சில்லைப் போட்டிருந்தார்கள். எழுதியவர் அவளுடைய கடிதத்தின் முதல் வரிக்கு மேல் வாசித்ததாகத் தெரியவில்லை. உங்கள் சில்லில் எங்களுக்கு முழுத் திருப்தி என்று எழுதியிருந்தார். நானூற்று முப்பது நாளாக ஒரு நிமிடம்கூட நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பெருமையோடு சேர்த்திருந்தார்.

ஜெஸ்மின் அந்த ஊரின் வெப்பநிலையைத் தேடிப் பார்த்தாள். அங்கே இப்போதுதான் காலை ஒன்பது மணி. முப்பத்தெட்டுப் பாகை. மதியத்துக்கு நாற்பத்தாறு ஆகும் என்று இருந்தது. அணைக்குக் கீழே, இணையத்தில் கிடைத்த படத்தில், ஆற்றின் இரண்டு கரையிலும் வீடுகள் நெருக்கமாகத் தெரிந்தன.

மின்னஞ்சலின் அடியில் ஒரு தொலைபேசி இலக்கம் இருந்தது. அழைத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. ஒருவரும் எடுக்கவில்லை. நேரத்தைப் பார்த்துவிட்டு, மறுபடியும் அழைத்தாள்.